முதலில் ஒரு பரப்பில் பாருங்கள்

தண்ணீரை மழைபோலத் தூவுகிற தூவல் நீர்ப்பாசனம் (ஸ்பிரிங்ளர்) போட யோசிக்கிறீர்களா? முழுத் தோட்டத்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். 16 பரப்பு, அதாவது ஒரு ஏக்கர், இருந்தால் ஒரு பரப்பில் தொடங்குங்கள். அந்தப் பரப்பு வெங்காயத்துக்குத் தூவல், பக்கத்துப் பரப்புக்கு வழமையான வாய்க்கால் இறைப்பு. நடுகையும் பசளையும் இரண்டு பரப்புக்கும் ஒரே மாதிரித்தான். மோட்டர் ஓடிய நேரம், செலவு, கிடைத்த நிறை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். அப்புறம், காலையில் இறையுங்கள். இரவிலும் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சண நோய் பிடிக்கும்.

எப்படி இறைத்தாலும் தண்ணீரை அளவோடு விடுங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கூடுதலாக விடுகிற தண்ணீர் யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றையும் கரைத்துக்கொண்டு நாங்கள் குடிக்கிற கிணற்றுக்கே போய்ச் சேரும். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அறுவடை முடிந்ததும் கொப்பியோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போய், மிச்சப் பரப்புகளுக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.