காட்டுக்குப் போகும் முன் ஊரில் ஒரு நாள்: இருவராகச் சேர்ந்து செய்யும் தவறுகள்

நாளை விடியற்காலையில் காட்டுக்குக் கிளம்ப வேண்டும். நீங்களும் நண்பரும் காட்டோரத்துக் கடைசி ஊருக்கு வந்து சேர்ந்தாயிற்று; கையில் ஒரு முழுப் பகல் இருக்கிறது. மறந்ததை வாங்கவும், பழுதானதை மாற்றவும், விவரம் தெரிந்தவரிடம் விசாரிக்கவும் இதைவிட்டால் வேறு நாள் கிடையாது. ஆனால் பெரும்பாலானோர் இந்த நாளைக் கடைவீதியிலும் அரட்டையிலும் கழித்துவிட்டு, நடுராத்திரியில் உட்கார்ந்து பையில் துணியைத் திணிக்கிறார்கள். துணைக்கு ஒருவர் இருக்கும்போது இது இன்னும் சுலபமாக நடக்கிறது. அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுகிறார்கள். அந்த நினைப்புதான் இந்த நாளின் ஆகப் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பலவும் அதிலிருந்தே கிளம்புகின்றன.

“நீ எடுத்துட்டு வருவேன்னு நினைச்சேன்”

தனியாகப் போகிறவர் எல்லாவற்றையும் தானே எடுத்துவைப்பார். இருவர் போனால் பொதுப் பொருள் என்று ஒரு வகை வந்துவிடுகிறது: அடுப்பு, லைட்டர், முதலுதவிப் பை, கயிறு, கத்தி, தண்ணீரில் போடும் மாத்திரை. இவற்றில் சில இரண்டிரண்டாக வந்து சேரும், சில வரவே வராது. போனில் பேசி முடிவு செய்துவிட்டதாக இருவருமே உறுதியாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கடைக்குக் கிளம்பும் முன்பே இருவர் பையையும் அறைத் தரையில் கொட்டிவிடுங்கள். “அது என்கிட்ட இருக்கு” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்; பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹெட்லாம்பை எரியவிடுங்கள். லைட்டரைப் பற்றவையுங்கள். கூடாரத்தின் கம்பிகளையும் முளைகளையும் எண்ணுங்கள். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் பலர் அதை இந்த ஊரில்தான் வாங்குவார்கள். அந்தக் குப்பிகளில் திருகிப் பொருத்துவது, குத்தித் திறப்பது, அழுத்தி மாட்டுவது எனப் பல வகை உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் உட்காராது. அடுப்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே பொருத்தி, ஒருமுறை எரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எது பொதுவாக இருக்கலாம், எது ஆளுக்கொன்று வேண்டும் என்பதைப் பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். காட்டுக்குள் இருவரும் பிரிந்துபோய், ஓர் இரவைத் தனித்தனியே கழிக்க நேர்ந்தால் எது இல்லாமல் முடியாதோ, அது இரண்டு பைகளிலும் இருக்க வேண்டும். விளக்கு, விசில், லைட்டர், தண்ணீர் பாட்டில், தண்ணீர் மாத்திரை, ஒரு மழைக்கோட்டு, அவரவர் மருந்து. பானையும் கயிறும் ஒன்று போதும். விளக்கு விஷயத்தில் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள், போனில்தான் டார்ச் இருக்கிறதே என்று. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அந்தி மிகச் சீக்கிரம் முடிந்துவிடும். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சமோ மேலே விழும் வெயிலில் 2 சதவீதம்கூடத் தேறாது. ஊரில் இன்னும் பொழுது சாயவில்லை என்று தோன்றும் நேரத்தில் மரத்தடியில் கால் வைக்கும் இடம் தெரியாது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வழுக்கும் சரிவில் இறங்குவது ஆபத்து.

பொதுப் பொருள்களைப் பங்கிடும்போது எடையையும் பாருங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது மலையேறுவோர் வழக்கமாகச் சொல்லும் அளவு. பலசாலி நண்பர் “நானே எல்லாத்தையும் தூக்குறேன்” என்பார். விடாதீர்கள். அவர் கால் பிசகினால் அந்த மூட்டை முழுவதும் உங்கள் தோளுக்கு வரும்.

கடைசி நாள் சாப்பாடு

காட்டில் வயிறு கெட்டால் காட்டுத் தண்ணீரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் கிருமி உள்ளே போய்ச் சில மணி நேரத்திலிருந்து 3 நாள்களுக்குள் தலைகாட்டும். நோரோ வைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம். அதாவது இன்று ஊரில் சாப்பிட்டதற்கான பலனை நாளையும் மறுநாளும், கழிவறை இல்லாத இடத்தில் அனுபவிப்பீர்கள். நண்பரோடு ஊர் சுற்றுகிற உற்சாகத்தில் எதையும் ருசி பார்க்கத் தோன்றும். அந்த ஆசையைக் காட்டிலிருந்து திரும்பி வந்த நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். இன்று கொதிக்கக் கொதிக்கச் சமைத்தது, தோல் உரித்துத் தின்னும் பழம், மூடி திறக்காத தண்ணீர், இவை போதும். வெட்டிவைத்த பழமும் பச்சைக் காய்கறியும் ஐஸும் வேண்டாம். குடியும் அப்படித்தான். கடைசி இரவுக் கொண்டாட்டம் என்று குடித்துவிட்டு, தூக்கம் கெட்டு, உடலில் நீர் வற்றிய நிலையில் புழுக்கத்துக்குள் நடப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓஆர்எஸ் பொட்டலங்களை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால், சுத்தமான 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் குடிக்கலாம் என்பதை இருவருமே மனப்பாடம் செய்துவைப்பது நல்லது.

தண்ணீர் மாத்திரையின் உறையிலுள்ள எழுத்தை ஊரிலேயே படியுங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரைகளில் பல, பாக்டீரியாவையும் வைரஸையும் அரை மணி நேரத்தில் கொன்றுவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கோ 4 மணி நேரம் தேவைப்படும். அயோடின் மாத்திரை அந்த ஒட்டுண்ணியிடம் நம்பத்தக்க அளவுக்கு வேலை செய்யாது. கொதிக்கவைப்பதுதான் என்றும் உறுதியான வழி: நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம்.

வாங்கக் கூடாததை வாங்குவது

புது பூட்ஸ் வேண்டாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கடைசி நாளில் வாங்கிய பூட்ஸ் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், ஈரக்காலில் நாள் முழுக்க உரசினால் குதிகாலில் கொப்புளம் வரும். அது உடைந்தால் அந்த ஈரத்தில் புண் ஆறாது. பழகிய ஷூ கொஞ்சம் நைந்திருந்தாலும் அதுவே மேல். அடிப்பாகம் பிரிகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள், கயிற்றை மாற்றுங்கள். சேற்றுக்காடு என்றால் அந்த ஊர்க்காரர்கள் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுகிறார்களா என்று கவனியுங்கள். போட்டால் அதையே வாங்கி, இன்றே சில மணி நேரமாவது போட்டு நடந்து பாருங்கள்.

ஜீன்ஸை அறையில் விட்டுவிடுங்கள். நனைந்தால் கனக்கும், காயவே காயாது. சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை இரண்டு செட் போதும். ஒன்று நடக்க, மற்றொன்று தூங்க. தூங்கும் செட்டும் அதோடு சேர்ந்த சாக்ஸும் எந்த நிலையிலும் நனையக் கூடாது. மறுநாள் காலையில் ஈரத்துணியை மறுபடி மாட்டிக்கொள்வது அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைத்தான் செய்ய வேண்டும். பகலெல்லாம் ஊறிய கால் இரவிலும் ஊறினால் தோல் வெளுத்து உரியத் தொடங்கிவிடும். பையின் வெளியே போடும் மழை உறையை நம்ப வேண்டாம், முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். கெட்டியான பெரிய பாலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

பூச்சிக்கு இரண்டு மருந்துகள் உண்டு, பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். டீட் கலந்த கொசுவிரட்டி தோலில் பூசுவது. பொதுவாக 20 முதல் 30 சதவீதம் டீட் இருப்பது போதுமானது. பெர்மெத்ரின் துணிக்கு மட்டுமே, தோலில் பூசக் கூடாது. துணியில் அடித்தால் உண்ணியும் கொசுவும் அதில் பட்டதும் செயலிழக்கும், சில சலவைகள் வரை வீரியம் நிற்கும். ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும், அதற்குச் சில மணி நேரமாகும். காற்றோட்டமான இடத்தில் கொடி கட்டி, சட்டை, கால்சட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, கால்சட்டையின் கீழ்மடிப்பிலும் சாக்ஸின் மேல்விளிம்பிலும் சட்டைக் கையின் ஓரத்திலும் துணி நமத்துப்போகும் அளவுக்கு அடியுங்கள். பூச்சி உள்ளே ஏறும் இடங்கள் இவைதான். மதியத்துக்குள் அடித்தால் இரவுக்குள் காய்ந்துவிடும். ராத்திரி நினைவு வந்தால் பயனில்லை. பக்கத்தில் பூனை இருந்தால் துணி காயும்வரை அதை அண்டவிடாதீர்கள், பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதால் கைக்கடிகாரக் கண்ணாடி, குளிர்கண்ணாடி, போன் உறை இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதானால் முதலில் அது, அதன்மேல் கொசுவிரட்டி.

கடைசி நாளில் முடியாதவையும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகுதான் செல்லும். மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் டாக்சிசைக்ளினையும் அட்டோவாகுவோன்–புரோகுவானிலையும் நுழைவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பு தொடங்கினால் போதும். மெஃப்ளோகுயினுக்குக் குறைந்தது 2 வாரமாவது வேண்டும். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நண்பருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்கள் பகிர்ந்து விழுங்குவது கூடவே கூடாது.

கேட்காமல் விடும் கேள்விகள்

பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? இரவில் கொடுப்பார்களா? காட்டிலிருந்து வெளியே வரும் இடத்திலிருந்து அங்கே போக வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது? நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதை விசாரிப்பதே இல்லை. இந்த மருந்து பகுதிக்குப் பகுதி, பாம்புக்குப் பாம்பு மாறும். எல்லா மருத்துவ நிலையத்திலும் இருக்காது. அரை மணி நேரம் ஒதுக்கி நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதை இருவரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியை நாளைக் காலையில்தான் முதன்முதலாகப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றே சந்தித்து எவ்வளவு தூரம் நடப்பது, எந்த ஓடையைக் கடப்பது, மழை பிடித்தால் எங்கே தங்குவது என்று கேளுங்கள். உங்கள் வேகத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

நண்பரிடம் கேட்பதற்குத்தான் அதிகம் தயங்குவோம். பல வருடப் பழக்கம், இதையெல்லாம் போய்க் கேட்பதா என்று இருக்கும். ஆஸ்துமா உண்டா, குளவி கொட்டினால் உடம்பு தடிக்குமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அது பையில் எந்தப் பக்கம் இருக்கிறது, இவை உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியமானது திரும்பும் பேச்சு. ஒருவருக்கு முடியவில்லை என்றால் இருவரும் திரும்புவது, காரணம் கேட்டு வாதாடுவதில்லை என்று இன்றே பேசி வையுங்கள். காட்டுக்குள் களைப்பும் ரோஷமும் சேர்ந்திருக்கும் நேரத்தில் இதைப் பேச முடியாது. மெதுவாக நடப்பவர் நண்பரின் பயணத்தைக் கெடுக்கிறோமே என்று வலியை மறைத்துக்கொண்டு நடப்பார். ஊரில் சாப்பாட்டு மேஜையில் பேசினால் இரண்டு நிமிடம்தான் ஆகும். பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதையும் அதே மூச்சில் முடிவு செய்யுங்கள்: இருக்கும் இடத்திலேயே நிற்பது, சிறிது நேரத்துக்கு ஒருமுறை விசிலை மூன்று முறை ஊதுவது.

போன் விஷயம் சுருக்கம்தான். வரைபடத்தை இறக்கிவைத்து, இணையத்தை அணைத்துவிட்டு, அது திறக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் அடர்ந்த கிளைகளுக்கு அடியில் இடம் காட்டத் தாமதிக்கும், பிசகவும் செய்யும். டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் உள்ளே ஃப்ளைட் மோடில் வையுங்கள். கையில் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும்.

இரவு படுக்கும் முன் வீட்டில் ஒருவருக்கு எழுத்தில் செய்தி அனுப்புங்கள். எங்கே நுழைகிறோம், எந்த வழியாக, வழிகாட்டியின் பெயரும் எண்ணும், இருவரின் ரத்த வகை, எந்த நாள் எத்தனை மணிக்குள் வெளியே வருவோம், அந்த நேரம் தாண்டி எவ்வளவு பொறுத்திருந்து யாருக்குப் போன் செய்ய வேண்டும். “ரெண்டு மூணு நாள்ல வந்துடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனால், எப்போது கவலைப்படத் தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாது. நண்பரும் தன் வீட்டுக்கு இதே செய்தியை அனுப்பட்டும், இரண்டிலும் ஒரே நேரம் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.