குளிர்கால மின்வெட்டுக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி?

குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டர், அடுப்பு, விளக்கு என்று போடுவார்கள். அந்த நேரத்தில் சூரியத் தகடுகளில் இருந்து ஒன்றும் வராது, காற்றும் ஓய்ந்திருந்தால் காற்றாலையும் கை கொடுக்காது. மின்சாரத்தின் தேவையும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். தேவை மிஞ்சினால் மின்கட்டமைப்பின் அலைவெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற எண்ணிக்கை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். அதிகம் இறங்கினால் மொத்தக் கட்டமைப்பும் சரிந்துவிடும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் பகுதி பகுதியாக, முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். இந்த வகை மின்வெட்டு பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். புயலிலோ பனியிலோ கம்பி அறுந்தால்தான் நாள்கணக்கில் இழுக்கும்.

முதல் படி: ஒரு ஒத்திகை

கடைக்கு ஓடி எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு மாலை, இருட்டிய பிறகு, மெயின் சுவிட்சை இரண்டு மணி நேரம் அணைத்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது மூச்சுக் கருவி போன்ற மருத்துவச் சாதனம் இருந்தால் இந்த ஒத்திகையே வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடமும் மின்விநியோக நிறுவனத்திடமும் இப்போதே பேசிவிட வேண்டும். மின்வெட்டுக்கு முன்பே தகவல் சொல்ல, இத்தகைய வீடுகளுக்கென்று பல நாடுகளில் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, எது எது நின்றுபோனது என்று எழுதுங்கள். வீட்டைச் சூடாக்குவது கேஸ் பாய்லர்தானே, சூடு வரும் என்று நினைத்திருப்பீர்கள். அதன் பம்புக்கும் பற்றவைக்கும் பொறிக்கும் கரண்ட் வேண்டும். வைஃபை போகும், அதோடு இணைந்த வீட்டுத் தொலைபேசியும் போகும். கராஜ் கதவு திறக்காது. அதைக் கையால் திறக்க உள்ளே ஒரு கயிறோ கைப்பிடியோ இருக்கும், அது எங்கே என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். மாடி வீடாக இருந்தால் லிப்ட் நிற்கும், தண்ணீர் பம்பும் நிற்கலாம். என்னைக் கேட்டால், இந்தத் தாள்தான் உங்கள் வீட்டுக்கான சரியான பட்டியல்.

இரண்டாம் படி: பேட்டரிக் கணக்கு

20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி), அதாவது 20 ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட். 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. நடுவில் கொஞ்சம் வீணாகும், அது போனாலும் ஒரு போனை மூன்று தடவையாவது சார்ஜ் செய்யலாம். 10 வாட் இழுக்கும் வைஃபை ரவுட்டரை ஐந்தாறு மணி நேரம் ஓட்டலாம். ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அதிகபட்சம் 12 வாட். பவர் பேங்கின் 5 வோல்ட்டில் அது ஓடாது, 12 வோல்ட்டாக ஏற்றித்தரும் கேபிள் வேண்டும்.

இதே 74 வாட்-மணியில் 2,000 வாட் கெட்டிலை ஓட்ட முடிந்தால்கூட இரண்டு நிமிடம்தான். அவ்வளவுதான் விஷயம்: பேட்டரியை நம்பி வெளிச்சமும் போனும் வைத்துக்கொள்ளலாம், சூட்டை வைத்துக்கொள்ள முடியாது.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் எல்இடி டார்ச் நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும். மெழுகுவர்த்தி எனக்குப் பிடிக்காது. இருட்டில் தட்டிவிட்டால் தீப்பிடிக்கும்.

மூன்றாம் படி: சூடு

வீடு முழுவதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஒரே அறையைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அங்கே கூடுங்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். முன்கூட்டியே நேரம் அறிவித்திருந்தால், கரண்ட் போவதற்கு முன் வெந்நீர் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடலாம்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கரி அடுப்பு, முகாம் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது. இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் இருக்கட்டும். கராஜுக்குள் காரை ஓடவிட்டுப் போன் சார்ஜ் செய்வதும் இதே ஆபத்துதான். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

கடுங்குளிரில் மின்வெட்டு நீண்டால் குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கலாம். குழாயைச் சொட்டுச்சொட்டாகத் திறந்து வையுங்கள். தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: சாப்பாடு

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதனால் பிரீசரில் இடம் இருந்தால் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுக்குங்கள். உறையும்போது விரியும் என்பதால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். சூடாக்காமலே சாப்பிடக்கூடியதும், இரண்டு மூன்று நாளுக்கான குடிநீரும் கைவசம் இருக்கட்டும். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள், கார்டு இயந்திரத்துக்கும் கரண்ட் வேண்டும்.

கரண்ட் போனதும், வந்ததும்

போனவுடன் அடுப்பு, ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வந்தது தெரிய ஒரு விளக்கை மட்டும் விட்டு வைத்தால் போதும். வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடாமல், ஒவ்வொன்றாகப் போடுங்கள். பக்கத்து வீடுகளும் அதையேதான் செய்துகொண்டிருக்கும், மறுபடி போக அது ஒன்றே போதும். அப்புறம் பிரீசரைத் திறந்து பாருங்கள். உணவில் இன்னும் பனித்துகள் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்த இறைச்சி, பால், சமைத்த உணவு எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், குப்பையில் போடுங்கள்.