வாத்துக் கூடுகளைக் காக்க இரைகொல்லிகளைக் கட்டுப்படுத்துவது எப்படி: வட அமெரிக்கப் புல்வெளிக் குட்டைகளில் ஒரு பருவத்தின் வேலை

கனடாவின் அல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களில் தொடங்கி அமெரிக்காவின் இரு டகோட்டாக்கள், மினசோட்டா, அயோவா வரை பரந்து கிடக்கும் புல்வெளியில், பனியுகத்தின் பனிப்பாறைகள் உருகியபோது விட்டுச்சென்ற இலட்சக்கணக்கான சிறு குட்டைகள் உள்ளன. வட அமெரிக்க வாத்துகளில் ஏறத்தாழ பாதி இங்கேதான் பிறக்கின்றன. நம் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் சைபீரியப் பக்கத்திலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இந்த அமெரிக்கப் புல்வெளியிலும் கூடு கட்டும் இனங்களே. மல்லார்ட் என்னும் பச்சைத்தலை வாத்தின் பெட்டை, தண்ணீர்க் கரையிலிருந்து சில நூறு மீட்டரோ ஒரு கிலோமீட்டருக்கு மேலோ விலகிப் போய், புல்லுக்குள் தரையில் பள்ளம் பறித்து, நாளுக்கு ஒன்றாக எட்டு முதல் பத்து முட்டைகள் இட்டு, பிறகு நான்கு வாரங்களுக்குச் சற்றுக் குறைவாக அடைகாக்கிறது. ஆக, முதல் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் வரை அந்தக் கூடு சுமார் 35 இரவுகளைக் கடந்தாக வேண்டும்.

அந்த இரவுகளில் என்ன நடக்கிறது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். புல்வெளி உழப்பட்டுக் கோதுமை வயலாக மாறியபின் எஞ்சிய புல், வேலியோரத்திலும் சாலையோரத்திலும் குட்டைக் கரையிலும் மெல்லிய பட்டைகளாகச் சுருங்கிவிட்டது. ஓநாய் ஒழிக்கப்பட்டது, ஓநாயைவிடச் சிறிய காட்டு நாயினமான கயோட்டியும் பல பகுதிகளில் ஒடுக்கப்பட்டது. அவை இருந்த இடத்தைச் செந்நரி பிடித்துக்கொண்டது. முன்பு இந்தப் புல்வெளியில் அரிதாக இருந்த ரக்கூன், கைவிடப்பட்ட பண்ணை வீடுகளையும் களஞ்சியங்களையும் குகையாக்கிக்கொண்டு வடக்கே பரவியது. வாத்து கூடு கட்டும் அதே புல் பட்டையில்தான் செந்நரி, ரக்கூன், நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க், மண் தோண்டும் பேட்ஜர், கீரி போன்ற மிங்க் ஆகிய அனைத்தும் இரவெல்லாம் மோப்பம் பிடித்து நடக்கின்றன. மல்லார்டின் எண்ணிக்கை குறையாமல் நிற்க நூறு கூடுகளில் சுமார் 15 பொரித்தால் போதும். பல இடங்களில் அந்த அளவுகூட எட்டப்படுவதில்லை. செந்நரி முட்டையோடு நிற்பதுமில்லை, அடையிலிருக்கும் பெட்டையையும் கவ்விச் செல்கிறது. இந்த மத்தியப் பகுதியில் செந்நரிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் வளர்ந்த வாத்துகளைக் கொல்வதாக 1984இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

முதலில் அளவெடுங்கள்

பொறி வாங்கும் முன் உங்கள் பகுதியில் கூடுகள் உண்மையில் எந்த விகிதத்தில் பொரிக்கின்றன என்பதைக் கண்டறிய வேண்டும். முட்டையைத் தொடுவதற்கும் கூட்டைக் கலைப்பதற்கும் சட்டத் தடை இருப்பதால், இதை அனுமதி பெற்ற ஓர் உயிரியலாளருடன் சேர்ந்தே செய்ய வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு இடையே நீண்ட சங்கிலியைக் கட்டிப் புல்லின் மேல் மெதுவாக இழுத்துச் செல்வது வழக்கமான முறை. சங்கிலி நெருங்கும்போது பெட்டை படபடவென்று எழும். எழுந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, காலடி பார்த்து நடந்தால், தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிய மென்தூவியால் பெட்டை மெத்தையிட்ட குழிக்குள் முட்டைகள் இளஞ்சூட்டுடன் இருக்கும். ஒரு முட்டையைக் குழாய்த் துண்டின் வாயில் பொருத்திச் சூரியனை நோக்கிப் பிடித்தால், அடைகாத்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம். தொடக்க நாட்களில் மஞ்சள் ஒளிக்குள் சிலந்தி கால் பரப்பியதுபோல் நரம்புகள் தெரியும், பொரிக்கும் தறுவாயில் காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்கும். பார்த்து முடித்ததும் முட்டைகளைத் தூவியால் மூடிவிட்டு, கூட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி ஒரு மெல்லிய அடையாளக் குச்சியை நட்டுவிட்டு விலக வேண்டும். கூட்டின் மேலேயே குச்சி நட்டால் அது காகத்துக்கும் வழிகாட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை அதே கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஹெரால்டு மேஃபீல்டு 1961இல் வகுத்த முறைப்படி, ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடுங்கள். அந்த வாய்ப்பு 95 விழுக்காடு என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை 35 நாட்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் நூற்றில் 17 கூடுகள்தான் பொரிக்கும். அதுவே 97 விழுக்காடானால் 34 கூடுகள் பொரிக்கும். நாள்தோறும் இரண்டே விழுக்காடு கூடினால் விளைச்சல் இரட்டிப்பாகிறது. இரைகொல்லிக் கட்டுப்பாட்டின் முழு அடிப்படையும் இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

அழிந்த கூடும் தகவல் தரும். செந்நரி பெரும்பாலும் முட்டைகளைத் தூக்கிச் சென்று புதைத்துவிடுவதால் கூடு வெறுமையாகக் கிடக்கும். ஸ்கங்க் கூட்டருகிலேயே தின்று நொறுங்கிய ஓடுகளை விட்டுச் செல்லும். பேட்ஜர் வந்திருந்தால் மண் கிளறப்பட்டிருக்கும். ஆனால் ஒரே கூட்டுக்கு இரண்டு விலங்குகள் அடுத்தடுத்து வருவதும் உண்டு. ஆகவே ஒரு தடயத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், பல கூடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இடமும் சட்டமும்

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறி வைப்பதால் பயனில்லை. ஒரு ரக்கூன் போனால் பக்கத்துப் பண்ணையிலிருந்து இன்னொன்று ஒரே வாரத்தில் வந்து சேரும். டெல்டா வாட்டர்ஃபவுல் என்னும் வேட்டைக்காரர் அமைப்பு 1994இல் வட டகோட்டாவில் இந்த வேலையைத் தொடங்கியது. எல்லை வகுத்த ஒரு பரப்பை பொறி வைப்பதில் அனுபவமுள்ள ஒரே ஆளிடம் ஒப்படைத்து, அடைப் பருவம் முழுவதும் அவரை அங்கேயே வேலை செய்ய வைத்ததுதான் அதன் வலிமை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் நடுவில் சுமார் 41 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பகுதிகளை ஒப்பிட்டபோது, பொறி வைத்த இடங்களில் 42 விழுக்காடு கூடுகளும் வைக்காத இடங்களில் 23 விழுக்காடு கூடுகளும் பொரித்தன. பின்னர் 36 சதுர மைல் பரப்பிலும் இம்முறை பலன் தந்தது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. தென் டகோட்டா 2019இல் ரக்கூன், ஸ்கங்க், பேட்ஜர், ஓப்போசம், செந்நரி ஆகியவற்றின் வால் ஒன்றுக்கு 10 டாலர் தருவதாக அறிவித்தது. முதல் ஆண்டிலேயே 50,000க்கும் மேற்பட்ட வால்கள் வந்து குவிந்தன. ஆனால் அவை மாநிலம் முழுவதும் சிதறிப் பிடிக்கப்பட்டவை. எந்தக் குட்டையைச் சுற்றி எத்தனை கூடுகள் அதனால் பிழைத்தன என்பதை வால்களின் எண்ணிக்கை சொல்லாது. இளைஞர்களை வெளியே இழுத்துவரும் திட்டமாக அதற்கு மதிப்பிருக்கலாம், வாத்துப் பெருக்கத்துக்கான முறையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டைகள் நெருக்கமாகவும், வாத்து இணைகள் மிகுதியாகவும், புல் குறைவாகவும் இருக்கும் ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லைக்குள் முழு உழைப்பையும் செலுத்துங்கள்.

நில உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுங்கள். மாநில அல்லது மாகாண வனவிலங்குத் துறையின் உரிமத்தையும், பருவத்துக்கு வெளியே பிடிப்பதற்குத் தனி அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். பருந்து, ஆந்தை, கடற்காகம் ஆகியவை முட்டையையோ குஞ்சையோ தின்றாலும் அவற்றின்மேல் கை வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அவற்றைக் காக்கிறது. நஞ்சைப் பற்றிய எண்ணமே வேண்டாம். மினசோட்டாவின் அகாசி புகலிடத்தில் 1960களில் ஸ்ட்ரிக்னின் ஏற்றிய முட்டைகளை வைத்துச் செய்த சோதனையில் வாத்துக் குஞ்சுகள் கூடின என்பது உண்மைதான். ஆனால் நஞ்சு யாரைக் கொல்கிறது என்று பார்த்துக் கொல்வதில்லை. கூட்டரசு நிலங்களில் இரைகொல்லிகளுக்கு நஞ்சு வைப்பது 1972இல் தடை செய்யப்பட்டது.

கயோட்டியை விட்டுவிடுங்கள். வேட்டைக்காரர்களிடம் இதைச் சொல்லும்போது பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள், ஆயினும் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுவே. கயோட்டி தன் எல்லைக்குள் செந்நரியைத் தங்க விடுவதில்லை. ஒரு கயோட்டிக் குடும்பத்தின் எல்லை பெரியது, அதனால் அதே பரப்பில் அவற்றின் எண்ணிக்கை நரிகளைவிடக் குறைவு, முட்டை தேடுவதிலும் அவை நரி அளவுக்கு நாட்டம் காட்டுவதில்லை. இரு டகோட்டாக்களில் 1990களின் தொடக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நரி ஆண்ட இடங்களில் 17 விழுக்காடும் கயோட்டி ஆண்ட இடங்களில் 32 விழுக்காடும் கூடுகள் பொரித்தன. அங்கே கயோட்டியைச் சுட்டால், உங்களுக்காகச் சம்பளமின்றி வேலை செய்த காவலாளியைச் சுட்டது போலாகும்.

மார்ச் நடு முதல் ஜூலை நடு வரை

குளிர்காலத்தில் தோலுக்காகப் பிடிப்பது பழக்கமான வேலை. ஆனால் டிசம்பரில் காலியான இடம் ஏப்ரலுக்குள் நிரம்பிவிடும். எனவே மார்ச் நடுவில், பனி உருகத் தொடங்கும்போது பொறிகளை வைத்து, முதல் கூடுகள் தோன்றும் முன்பே நிலத்தைத் தெளிவாக்கி, கடைசிக் கூடு பொரிக்கும் ஜூலை நடு வரை விடாமல் தொடர வேண்டும். இந்தப் பருவத்துத் தோலுக்குச் சந்தையில் விலை கிடையாது. செலவை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பொறி வைப்பதற்கான இடங்களை விலங்குகளே காட்டித் தரும். சாலைக்கு அடியில் செல்லும் மதகுக் குழாயின் வாய், வயலோரத்தில் குவித்த கற்குவியல், மரவரிசை, பாழடைந்த பண்ணை வீடு, குட்டைக் கரையின் ஈர மண் ஆகியவற்றைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்து வாருங்கள். சின்னக் குழந்தையின் கைபோல ஐந்து விரலும் பதிந்திருந்தால் அது ரக்கூன். ரக்கூனுக்கு, கையை உள்ளே விட்டு இழுத்தால் மட்டும் மூடிக்கொள்ளும் குழாய்வடிவப் பொறியே ஏற்றது, நாயின் பாதம் அதற்குள் போகாது. இறைச்சிக்குப் பதில் மார்ஷ்மெல்லோ போன்ற இனிப்பை இரையாக வைத்தால் பண்ணைப் பூனைகள் நெருங்குவதில்லை. உடலை நெரித்து உடனே கொல்லும் பொறிகளைத் திறந்த இடத்தில் வைக்கக் கூடாது. சட்டம் இடம் தரும் இடங்களில்கூட, நாய் நுழைய முடியாத பெட்டிக்குள்தான் அவற்றை வைக்க வேண்டும். கனடாவில், விலங்கை வதைக்காமல் பிடிப்பது பற்றிய 1997ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்பாட்டின்படி சான்று பெற்ற பொறிகளையே வாங்குங்கள்.

ஸ்கங்கிற்குக் கூண்டுப் பொறி நல்லது. கூண்டின் மூன்று பக்கமும் பழைய போர்வையைச் சுற்றி வைத்தால், உள்ளே இருட்டில் அது அமைதியாக இருக்கும். காலையில் நெருங்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, பேசாமல், மெதுவாக நடங்கள். அது முன்கால்களால் தரையைத் தட்டினால் எச்சரிக்கிறது என்று பொருள். நின்றுவிடுங்கள், அது அடங்கிய பிறகு அடியெடுத்து வையுங்கள். இந்தப் புல்வெளியில் வெறிநோயைச் சுமக்கும் முதன்மையான விலங்கு ஸ்கங்க். ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமலும் தடித்த கையுறை இல்லாமலும் இந்த வேலைக்குப் போகக் கூடாது. ரக்கூனின் எச்சத்தில் மனித மூளையைத் தாக்கும் உருண்டைப் புழுவின் முட்டைகள் இருக்கலாம் என்பதால், அவை கழிக்கும் இடத்தை வெறுங்கையால் தொட வேண்டாம்.

சட்டம் எத்தனை மணி நேரம் அனுமதித்தாலும், ஒவ்வொரு பொறியையும் ஒவ்வொரு நாள் காலையிலும் பார்த்தாக வேண்டும். பிடிபட்டதை அங்கேயே, ஒரே குண்டில், வேதனையில்லாமல் முடிக்க வேண்டும். ஒரு நாள் போக இயலாது என்று தெரிந்தால் முந்தின நாளே பொறிகளை மூடிவிடுங்கள். முட்டைக்காகத்தான் என்றாலும் ஓர் உயிரை எடுக்கிறோம், அதில் அலட்சியத்துக்கு இடமில்லை. தேதி, இடம், இனம், ஆண் பெண், பொறியின் வகை ஆகிய அனைத்தையும் அன்றன்றே ஏட்டில் எழுதுங்கள். தவறுதலாகப் பிடித்ததையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இதனால் கிடைப்பதையும் கிடைக்காததையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். வட டகோட்டாவின் வடகிழக்கில் மல்லார்டுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பொறி வைத்த தொகுதிகளில் குஞ்சுகள் கூடுதலாகப் பொரித்தும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அங்கே திரும்பிய இணைகள் அதற்கேற்பப் பெருகவில்லை. பொறியை நிறுத்திய ஆண்டிலேயே நரியும் ரக்கூனும் திரும்பிவிடும். புல்லையும் தண்ணீரையும் காப்பதற்கு இது ஈடாகாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் வாத்து வேட்டைக்காக 1934 முதல் ஆண்டுதோறும் அரசிடம் வாங்கிவரும் வாத்து முத்திரையின் பணத்தில் வாங்கப்பட்ட குட்டைகள் இன்றும் குட்டைகளாகவே இருக்கின்றன. ஆகவே பாழடைந்த வீட்டை இடிப்பது, கற்குவியலை அகற்றுவது, பழைய புல்வெளியில் காற்று வேகத்தைத் தடுக்க நட்டு இப்போது பயனின்றிக் கிடக்கும் மரங்களை வெட்டுவது போன்ற, ஒருமுறை செய்தால் பல ஆண்டு நிலைக்கும் வேலைகளை நில உரிமையாளரின் இசைவோடு பொறிக்கு முன்பே செய்யுங்கள்.

கொல்லாமல் காக்கும் வழியொன்றும் உண்டு, மல்லார்டுக்கு அது மிக நன்றாகப் பொருந்துகிறது. கம்பிவலையை இரண்டு சுற்றாக உருட்டி, இடையில் ஆளிவிதைச் செடியின் வைக்கோலைத் திணித்து, சுமார் ஓர் அடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள உருளையாக்கி, தண்ணீருக்கு நடுவே இரும்புக் கம்பத்தின் மேல் படுக்கைவாட்டில் பொருத்தினால் பெட்டை அதற்குள் முட்டையிடும். நரி அங்கே நீந்தி வந்து ஏறுவதில்லை. புல்லிலுள்ள கூடுகளைவிட இவற்றில் பொரிப்பு பல மடங்கு அதிகம். ஆனால் உள்ளே போடும் வைக்கோல் ஒரே பருவத்தில் கலைந்துவிடும். பிப்ரவரியில் குட்டை இறுகி உறைந்திருக்கும்போது, பனிக்கட்டியின் கனத்தை முதலில் துளையிட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் நடந்து சென்று, பழைய வைக்கோலையும் ஓட்டுத் துண்டுகளையும் வெளியே எடுத்து எத்தனை பொரித்தன என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, புதிய வைக்கோலை இறுகத் திணித்துவிட்டு வர வேண்டும்.