பழைய லீவர் ரைஃபிளின் வயதையும் பிறப்பிடத்தையும் கண்டறிவது எப்படி?

பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (விசையருகே உள்ள லீவரை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) ஒன்று கைக்கு வந்ததும், அதிலுள்ள எழுத்துகளைத் தேடுவதற்கு முன் அதில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவற்றில் பேரலுக்கு, அதாவது சுடும் குழலுக்குக் கீழே ஓடும் குழாய் மாகசினுக்குள் (தோட்டா வைக்கும் இடத்துக்குள்) கிடக்கும் தோட்டா வெளியே தெரியாது. எனவே லீவரை முழுவதுமாகத் திறந்து, தோட்டா அறையையும் மாகசினின் வாயையும் விளக்கொளியில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தயாரிப்பாளர் யார் என்பதை உருவமே ஓரளவு சொல்லிவிடும். வின்செஸ்டர் 1894 மாடலின் ரிசீவர், அதாவது இயங்கும் உறுப்புகளைத் தாங்கும் உலோக உடல், மேற்புறம் திறந்திருக்கும். மார்லின் 336 மாடலில் மேற்புறம் மூடியிருக்க, வெற்றுத் தோட்டா பக்கவாட்டில் தெறிக்கும். வெளியே சுத்தியலே தெரியாவிட்டால், அது சாவேஜ் 99 ஆக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்துத்தான் பலரும் ஏமாறும் இடம் வருகிறது. வின்செஸ்டர் 1873 மாடலின் பேரலில் "கிங்ஸ் இம்ப்ரூவ்மென்ட்" என்ற சொற்களோடு 1866 மார்ச் 29, 1860 அக்டோபர் 16 ஆகிய தேதிகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை காப்புரிமைத் தேதிகள் மட்டுமே. 20ஆம் நூற்றாண்டில் ஆலையை விட்டு வெளிவந்த துப்பாக்கியிலும் அதே 1860 இருக்கக்கூடும். தேதியைப் பார்த்த மகிழ்ச்சியில் வயதை அறிவித்துவிடுவது, இத்துறையில் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை.

உண்மையான வயதுக்கு வரிசை எண்ணைத்தான் நாட வேண்டும். 1873 மாடலில் அது கீழ் டாங்கில், அதாவது ரிசீவரிலிருந்து கட்டைக்குள் நீளும் இரும்பு வாலில் இருக்கும். 1894 மாடலில் ரிசீவரின் அடிப்புறம், முன்பகுதியில் இருக்கும். தேய்ந்த எண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண்ணெய் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் அழுக்கை அகற்றி, சுண்ணக்கட்டித் தூளைப் பள்ளங்களில் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அரைகுறையாகத் தெரிந்த 3 உண்மையில் 8 என்பது புலப்படும். அந்த ஒற்றை இலக்கம் பல ஆண்டுகளை மாற்றிவிடும்.

எண்ணை ஆண்டாக மாற்றும் அட்டவணைகளும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. குறிப்பாக 1894 மாடலுக்கு, நெடுங்காலமாகப் புழங்கும் பட்டியலுக்கும் ஆலையின் மெருகூட்டும் அறைப் பதிவேடுகளுக்கும் இடையே சில ஆண்டு வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் வின்செஸ்டரின் பழைய பேரேடுகளைப் பாதுகாக்கிறது; பதிவு எஞ்சியிருக்கும் எண்களுக்கு அது கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றுக் கடிதம் தருகிறது. 1898 முடிய உருவானவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தொன்மைப் பொருள்களாகக் கருதப்படுவதால், அந்த எல்லையை ஒட்டிய துப்பாக்கிக்கு இக்கடிதம் மிகவும் பயன்படும். மார்லினில் வேலை எளிது: 1973 முதல் 1999 வரையிலானவற்றில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும், 27 என்றால் 1973.

எண் ஒன்று சொல்ல, உறுப்புகள் வேறொன்று சொல்லலாம். 1894 மாடலில் "30 டபிள்யூ.சி.எஃப்." என்ற தோட்டா வகைக் குறி 1895-க்கு முன் இருந்திருக்க வழியில்லை, அந்தத் தோட்டா சந்தைக்கு வந்ததே அந்த ஆண்டில்தான். முட்டை வடிவத்துக்குள் டபிள்யூ, பி என்ற வின்செஸ்டர் ஆலையின் சோதனை முத்திரை 1905 வாக்கில் வந்தது. அது பேரலில் இருந்து ரிசீவரில் இல்லையென்றால், பேரல் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று ஐயுற வேண்டும். 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைத்தபோது உறுப்புகளைப் பிணைக்கும் திடமான ஊசிகளின் இடத்தில் உள்ளீடற்ற சுருள் ஊசிகள் வந்தன. அவற்றைக் கண்டும் 1950-களின் துப்பாக்கி என்று யாரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

பிறப்பிடம் எப்போதும் வின்செஸ்டர் ஆலை இருந்த கனெக்டிகட்டின் நியூ ஹேவனாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஸ்பெயினின் எய்பார் நகரில் 1892 மாடலைப் பார்த்துச் செய்த "எல் டிக்ரே" அமெரிக்காவிலும் கிடைக்கிறது. இத்தாலிய நகல்களில் சிறு கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும். "ஏஏ" என்றால் 1975. பேரலில் இந்தக் கட்டம் தென்பட்டால், மற்ற இடங்களில் பழைய பெயர் எவ்வளவு அழகாகப் பொறிக்கப்பட்டிருந்தாலும் அது நகல்தான்.