பேட்டரியில் சமையல்: வேனிலும் படகிலும் செய்யக்கூடாத தவறுகள்

வேனைக் கேரவனாக மாற்றுகிறவர்களில் பலர் இப்போது கேஸ் சிலிண்டரை விட்டுவிட்டு பேட்டரியும் இன்டக்‌ஷன் அடுப்பும் வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். மூடிய வண்டிக்குள் தீ எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு பயம் இல்லை. படகில் இன்னொரு காரணமும் உண்டு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடித்தளத்தில் இறங்கித் தேங்கும். அப்புறம் ஒரு பொறி போதும்.

ஆனால் விளக்குக்கும் ஃபேனுக்கும் கணக்குப் போடுவது போலவே அடுப்புக்கும் போடுகிறார்கள். ஃபேன் கொஞ்சம் கொஞ்சமாக இரவெல்லாம் இழுக்கும். அடுப்பு கால் மணி நேரத்தில் மொத்தமாக இழுக்கும். நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் இதை மறந்ததால் வந்தவை.

"12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரி இருக்கிறது, சமைக்கலாமா?" என்று கேட்பார்கள். அதில் இருப்பது சுமார் 1280 வாட்-ஹவர், அதாவது ஒன்றேகால் யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க, அடுப்பிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்தாலும் 105 வாட்-ஹவர் அளவில்தான் ஆகும். ஆக, இரண்டு பேர் ஒருநாள் சமையலுக்கு மின்சாரம் போதும். இடிப்பது வேறு இடத்தில். பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்ற காவல்காரன் இருக்கிறது; அளவுக்கு மீறி ஆம்ப் இழுத்தால் துண்டித்துவிடும் மின்சுற்று அது. அதன் வரம்பு 100 ஆம்ப் என்றால், இன்வெர்ட்டர் இழப்பு போக அடுப்புக்குக் கிடைப்பது 1150 வாட் போல. 2000 வாட் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் பிஎம்எஸ் சட்டென்று துண்டித்துவிடும், வண்டியே இருட்டாகும். சில மலிவான பேட்டரிகளில் இந்த வரம்பு 50 ஆம்ப்தான். வாங்கும் முன் தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும் என்று கேளுங்கள்.

அடுப்பைக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பல மலிவு அடுப்புகள் உண்மையில் குறைவதில்லை. 400 வாட் என்று காட்டிக்கொண்டு, ஆயிரம் வாட்டுக்கு அருகில் சில நொடிகள் ஓடி, சில நொடிகள் நிற்கும். இன்வெர்ட்டரும் பிஎம்எஸ்ஸும் தாங்க வேண்டியது அந்த ஆயிரத்தை. ஒரு வாட்மீட்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டில் சும்மா கிடக்கும் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வேனில் வைப்பதும் நடக்கிறது. 150 ஆம்ப்-ஹவர் என்று அதில் எழுதியிருப்பது பல மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. அடுப்புக்காக 140 ஆம்பில் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து, சோறு பாதி வேகும்போதே இன்வெர்ட்டர் கத்தும். அமிலமும், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனும் தூங்கும் அறைக்குள் இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இப்போது வயர். இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் 1500 வாட் அடுப்பு 230 வோல்டில் ஆறரை ஆம்ப் எடுக்கும். அதே அடுப்புக்காக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் இழுப்பது ஏறக்குறைய 140 ஆம்ப். 10 ஸ்கொயர் எம்எம் வயரில் போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியிலேயே தொலையும். 135 வாட் வயருக்குள் சூடாக மாறும். 50 அல்லது 70 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போடுங்கள். இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒட்டினாற்போல் வைத்து, நீளமான வயரை 230 வோல்ட் பக்கம் கொண்டுபோங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் 24 வோல்டில் தொடங்கினால் ஆம்ப் பாதியாகும்.

எங்கள் வேனில் வயர் சரியான தடிமன்தான். ஆனால் வேலை செய்தவர் வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை ஹைட்ராலிக் கிரிம்பர் என்ற அழுத்தும் கருவியில் அழுத்தாமல் சுத்தியலால் தட்டியிருந்தார். ஏற்காட்டில் ஒரு காலை, பொங்கலுக்கு விசில் வரும் முன் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. லக்கின் மேலிருந்த உறை உருகி ஒழுகியிருந்தது. அன்றிலிருந்து, புதிதாகப் போட்ட இணைப்பை அடுப்பு பத்து நிமிடம் ஓடிய பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்காமல் விடுவதில்லை.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் தரவிதி பொதுவாக 7 அங்குலத்துக்குள் என்கிறது. குழாய்க்குள் போகும் வயர் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். கார் கடையில் கிடைக்கும் சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி தொடர்ந்து பாய வாய்ப்புண்டு. 'கிளாஸ் டி' (Class T) வகையை வாங்குங்கள்.

சிகரெட் லைட்டர் பிளக்கில் ஓடும் 12 வோல்ட் கெட்டிலும் ஏமாற்றம்தான். அந்த பிளக் 150 வாட்டுக்கு மேல் தாங்காது. ஒரு லிட்டர் கொதிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இன்டக்‌ஷன் அடுப்பு எரர் காட்டும் அல்லது கெடும், மிக்ஸி உறுமிக்கொண்டே சூடாகும். வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரை வாங்கிவிடுங்கள். அடுப்பின் அடியில் காற்று இழுக்கும் ஃபேன் உண்டு, பலகைக்குள் புதைத்து அடைத்துவிடாதீர்கள்.

சமைத்து முடித்ததும் இன்வெர்ட்டரை அணைக்காமல் விடுவது பலரும் கவனிக்காத நஷ்டம். பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 20 வாட் எடுக்கலாம். ஒரு நாளுக்கு 480 வாட்-ஹவர். ஒருவேளைச் சமையலே முடிந்திருக்கும்.

எடுத்ததைத் திரும்ப நிரப்பவும் வேண்டும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை லித்தியம் பேட்டரியோடு நேராக இணைத்தால் அது ஓயாமல் முழுத் திறனில் ஓடிச் சூடாகிக் கருகிவிடலாம். நடுவில், போகும் ஆம்பைக் கட்டுக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 30 ஆம்ப் சார்ஜர் என்றால் 700 வாட்-ஹவரை நிரப்ப இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள். அல்லது பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூட்டை வெளியே விடாத தெர்மல் குக்கருக்குள் இறக்கிவிட்டால் மீதி தானாக வேகும். லடாக் போகிறவர்களுக்குக் குக்கர் கட்டாயம்: லே 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. அங்கே இரவில் பேட்டரி உறைநிலைக்குக் கீழே போனால், காலையில் அது சூடேறும்வரை லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. முதலில் காபி போடலாம், எடுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை.