சாம்பல் ஜன்னலும் கட்டம் கட்டமாய்த் தமிழும்

க்னோம் என்ற மேசைத்தளத்தை விட்டு, திரையில் சாளரங்களை அடுக்கும் டிடபிள்யூஎம் என்ற சாளர மேலாளருக்கு மாறிய அன்றே, ஜாவாவில் எழுதிய என் கணக்கு நிரல் வெறும் சாம்பல் நிறச் சதுரமாகத் திறந்தது. ஜாவாவை நீக்கி மீண்டும் நிறுவினேன். ஒரு மாலை வீண்.

நிரல் மேல் தவறில்லை. பெரும்பாலான சாளர மேலாளர்கள் ஒவ்வொரு சாளரத்தையும் தங்கள் சட்டகத்துக்குள் பொருத்திவிடும். ஜாவா அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும். டிடபிள்யூஎம் அப்படிச் செய்வதில்லை. '_ஜாவா_ஏடபிள்யூடி_டபிள்யூஎம்_நான்ரீபேரண்டிங்' என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) 1 என்று மதிப்புக் கொடுத்ததும் பட்டியல்கள், பொத்தான்கள் எல்லாம் வந்துவிட்டன. முதலில் அதை, முனையத்தில் கட்டளைகளை இயக்கும் பாஷின் அமைப்புக் கோப்பில் எழுதினேன். முனையத்தில் திறந்தால் சரி, நிரல்களைத் திறக்கும் டிமெனு பட்டியலில் திறந்தால் மறுபடியும் சாம்பல்! வரைகலைத் திரை தொடங்கும்போது ஓடும் எக்ஸ்இனிட் கோப்பில், டிடபிள்யூஎம்மைத் தொடங்கும் வரிக்கு மேலே வைத்தபிறகுதான் அடங்கியது. சாளர மேலாளரின் பெயரை 'எல்ஜி3டி' என்று பொய்யாக அறிவிக்கும் பழைய தந்திரமும் உண்டு. சன் நிறுவனத்தின் முப்பரிமாண மேசைத்தளத்தின் பெயர் அது. ஜாவா அதை நம்பி, சட்டகத்துக்காகக் காத்திருக்காது. எனக்கு அது தேவைப்படவில்லை.

எழுத்துரு எளிதாக முடிந்தது. வாடிக்கையாளர் பெயர்கள் கட்டங்களாகத் தெரிந்தன. பார்த்தால் கணினியில் ஒரு தமிழ் எழுத்துருகூட இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, எழுத்துருத் தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பித்தேன். எழுத்தோரம் ரம்பப் பல்லாக இருந்ததற்கு, ஜாவாவின் 'ஏடபிள்யூடி.யூஸ்சிஸ்டம்ஏஏஃபாண்ட்செட்டிங்ஸ்' விருப்பத்தை 'ஆன்' என்று வைத்தேன். இப்போது 'ழ'வின் சுழி சுழியாகவே தெரிகிறது.