காலாவதித் திகதியை ஆப்பில் பதிந்து வைப்பது எப்படி

காலாவதியை நினைவூட்டும் ஆப்பில் பார்கோடை ஸ்கான் பண்ணினால் திகதியும் வந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வராது. இலங்கைப் பொருட்களில் பெரும்பாலும் 479 என்று தொடங்கும் அந்த 13 இலக்கங்களில் பொருளின் அடையாளம் மட்டும்தான் இருக்கிறது. திகதியை நீங்கள்தான் தட்ட வேண்டும். சாமான் பையை அவிழ்க்கும்போதே பதிந்துவிடுங்கள். அலுமாரிக்குள் போனபிறகு யாரும் பதிவதில்லை.

05/08/26 என்றிருந்தால் மே மாதமா, ஓகஸ்ட் மாதமா? பக்கத்தில் உற்பத்தித் திகதி எந்த ஒழுங்கில் இருக்கிறதென்று பாருங்கள், பெரும்பாலும் பிடிபடும். குளிசை அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாளைப் போடுங்கள். அட்டையை வெட்டும்போது திகதியுள்ள முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

திறந்த பொருளுக்குக் கணக்கு வேறு. கண்ணுக்கு விடும் துளிமருந்து பெரும்பாலும் திறந்து 4 வாரம்தான். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி, கரைத்தபின் 24 மணித்தியாலம். இவற்றுக்குத் திறந்த நாளையும் பதியுங்கள்.

திருகோணமலையில் உவர்மலை, திருக்கடலூர்ப் பக்கம் கடற்காற்றில் ரின் மீன் அடியில் துரு பிடிக்கும், அச்சும் அழியும். ஆகவே லேபலைப் படமெடுத்துப் பதிவோடு சேருங்கள். ரின் ஊதியிருந்தால் ஆப் என்ன சொன்னாலும் எறியுங்கள்.

நினைவூட்டலை மாச்சாமான்களுக்கு 30 நாள், பால், யோகட்டுக்கு 2 நாள் முன்னதாக வையுங்கள். சத்தமே வரவில்லையா? போனின் பற்றரி சேமிப்பு ஆப்பை உறங்க வைத்திருக்கும். அமைப்புகளில் அதற்கு விலக்குக் கொடுங்கள்.